மூலம்தானே என்று விட்டுவிடாதீர்கள்



இந்த மாதம், வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயத்தைப் பேசப்போகிறேன். மலத்தோடு ரத்தம் போவது.

சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று டீக்கடையிலேயே சொல்லிக்கொள்கிறோம். முழங்கால் வலியைப் பற்றிக் கல்யாண வீட்டுப் பந்தியில் பேசுகிறோம். ஆனால் வெளிக்குப் போகும்போது ரத்தம் பட்டால்? புருஷன் பெண்டாட்டியிடம் சொல்வதில்லை. மாமியார் மருமகளிடம் சொல்வதில்லை. தப்பித்தவறிச் சொன்னாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "மூலமா இருக்கும். உடம்பு சூடு. வேற ஒண்ணும் இருக்காது."

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இந்தப் பதிலை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. வானம் பார்த்த பூமி, வெயிலுக்கா பஞ்சம்? தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நெசவாளர், கண்மாய்க்கரையில் ஆடு மேய்ப்பவர், மிளகாய்ப் பழம் பறிக்கப் போகிற அக்கா, யாருக்கு ரத்தம் பட்டாலும் பழி சூட்டின் மேல்தான். துத்திக்கீரையை வதக்கிச் சாப்பிடு, கருணைக்கிழங்கு மசியல் வை, மோரில் வெந்தயம் போட்டுக் குடி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதற்கும் கேட்காவிட்டால், "மூலம், பவுத்திரம்" என்று எழுதிய போர்டைத் தேடிப் போவோம்.

கருணைக்கிழங்கின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆசனவாயில் ரத்தம் வருகிற பலருக்கு மூலம்தான் காரணம் என்பதும் உண்மை. என் கவலை எல்லாம், மூலம் என்று முடிவு செய்தது யார் என்பதுதான். டாக்டர் பார்த்துச் சொன்னாரா, நாமே சொல்லிக்கொண்டோமா? மூலம் இருக்கிறவருக்கே உள்ளே வேறொன்றும் சேர்ந்து இருக்கலாம் அல்லவா?

குடலுக்குள் சதை வளர்ந்திருக்கலாம். அமீபா கிருமியால் புண் ஆகியிருக்கலாம். நம் நாட்டில் குடல் காசநோயும் அரிதில்லை. பெருங்குடல் அழற்சி என்று ஒன்று உண்டு. புற்றுநோயாகவும் இருக்கலாம். கழிப்பறையில் சொட்டுகிற ரத்தத்தைப் பார்த்து இவற்றில் எது என்று எந்தக் கெட்டிக்காரராலும் சொல்ல முடியாது.

எந்த அறிகுறிகளை விடக்கூடாது? மலத்தோடு கலந்து வருகிற ரத்தம். வழக்கமாகப் போய்க்கொண்டிருந்தவருக்குச் சில வாரமாக மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவது. போய்விட்டு வந்த பிறகும் முழுசாகப் போகாத உணர்வு. மலம் மெலிந்து வருவது. காரணமில்லாமல் எடை குறைவது. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்று வலி.

இன்னொன்றும் உண்டு. அதைத்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம். பெருங்குடலின் வலது பக்கத்தில் கசிகிற ரத்தம் கண்ணுக்கே தெரியாது. ஆள் மட்டும் வெளுத்துப்போவார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தம் கம்மி என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோம். ஐம்பது தாண்டிய ஆணுக்கோ, தீட்டு நின்றுபோன பெண்ணுக்கோ ரத்தம் குறைந்தால், "ஏன் குறைந்தது?" என்று கேட்காமல் மாத்திரையோடு நிற்கலாமா?

இந்தக் கேள்விக்கெல்லாம் நேரடியாகப் பதில் சொல்கிற பரிசோதனைதான் கொலனோஸ்கோபி. "கேமரா விட்டுப் பாக்குறது", "டியூப் விடுறது" என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அதுதான். பேரைக் கேட்டதுமே பாதிப் பேர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிடுகிறார்கள். பயம் பாதி, கூச்சம் பாதி. என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் இரண்டுமே குறையும். அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் ஒரே நாளில் முளைப்பதில்லை. குடலின் உள்சுவரில் காளான்போலச் சின்னதாக ஒரு சதை வளர்கிறது. பாலிப் என்கிறார்கள். எல்லாப் பாலிப்பும் கெட்டதாக மாறாது. மாறுகிறவையும் பொதுவாகப் பத்து வருஷம்போல எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பத்து வருஷத்துக்குள் என்றைக்குப் பார்த்து எடுத்துவிட்டாலும் அதோடு கதை முடிந்தது. வருவதற்கு முன்பே தடுக்க இப்படியொரு வாய்ப்புள்ள புற்றுநோய்கள் குறைவு. அப்படியிருந்தும், 2022-இல் மட்டும் உலகம் முழுவதும் 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள்.

நம் தமிழ்க் குடும்பம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சியாமளா கோபாலன் 1938-இல் சென்னையில் பிறந்தவர். அவருடைய அப்பா பி.வி.கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். சியாமளா அமெரிக்கா போய் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் பேர் வாங்கினார். அந்த அம்மாள் 2009 பிப்ரவரியில் பெருங்குடல் புற்றுநோயால் காலமானார். புற்றுநோயையே படித்த ஒருவரின் வீட்டுக்குள்ளும் அது வந்தது.

அவருடைய மகள்தான் கமலா ஹாரிஸ். 2021 நவம்பர் 19 அன்று அமெரிக்க அதிபர் ஜோ பைடனுக்கு கொலனோஸ்கோபி நடந்தது. மயக்க மருந்து கொடுப்பதால், அந்த நேரத்துக்கு மட்டும் அதிபரின் அதிகாரத்தை எழுத்து மூலமாகத் துணை அதிபர் கமலாவிடம் ஒப்படைத்தார். 85 நிமிஷம் அந்த அதிகாரம் அவர் கையில் இருந்தது. அமெரிக்க வரலாற்றில் ஒரு பெண்ணிடம் அது போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. பைடனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, வழக்கமான செக்கப். ஆனாலும் 3 மில்லிமீட்டர் பாலிப் ஒன்று அகப்பட்டது. அப்போதே எடுத்துவிட்டார்கள். விட்டுவைத்தால் புற்றுநோயாக மாறக்கூடிய வகை அது என்று லேப் ரிப்போர்ட் சொன்னது.

இதில் நமக்கு இரண்டு சேதி இருக்கிறது. மயக்கம் கொடுத்துப் பார்த்து, அவர் திரும்ப வேலைக்கு வர ஆனது ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இரண்டாவது, அன்றைக்கு அவரே பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்தார் என்றால், நாமும் டூவீலர் சாவியை மகனிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

தேதி வாங்கும்போதே டாக்டரிடம் நாமாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சர்க்கரைக்கு மாத்திரையா, இன்சுலினா? கிட்னி, இதயத் தொந்தரவு உண்டா? ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? இவற்றில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மலத்தைக் கறுப்பாக்கிக் கேமராவை மறைத்துவிடும்.

இரண்டு, மூன்று நாள் முன்பிருந்தே சாப்பாட்டை மாற்ற வேண்டும். மற்ற நாளில் நல்லது என்று நாம் சாப்பிடுகிறோமே, கம்மங்கூழ், குதிரைவாலிச் சோறு, முருங்கைக்கீரை, கொய்யா, எள்ளு உருண்டை, இவை எல்லாவற்றுக்கும் லீவு. நாரும் விதையும் குடலில் ஒட்டிக்கொள்ளும். இட்லி, வெள்ளைச் சோறு, தெளிந்த பருப்புத் தண்ணீர், முட்டை என்று லேசாக முடித்துக்கொள்ளலாம்.

முந்தின நாள் பெரும்பாலும் திரவ ஆகாரம்தான். இளநீர், வடித்த கஞ்சித் தண்ணீர், வடிகட்டிய ரசத் தெளிவு, பால் விடாத டீ, சர்க்கரையும் உப்பும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் குடிக்கக் கூடாது. உள்ளே ரத்தம்போலத் தெரியும்.

அடுத்தது, எல்லோரும் அலுத்துக்கொள்கிற பேதி மருந்து. பெக்லெக் மாதிரி ஒரு பவுடரைத் தருவார்கள். 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டும். உப்பும் புளிப்பும் கலந்த ருசி. கலந்ததைக் குளிரவைத்துக் குடித்தால் இறங்கும். பல இடங்களில் பாதியை முந்தின ராத்திரியும் மீதியைக் காலையிலும் குடிக்கச் சொல்கிறார்கள். எத்தனை மணியோடு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதி குடித்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுவதுதான் நம்மவர்கள் செய்கிற பெரிய தவறு. குடல் சுத்தமாகாவிட்டால் பாலிப் தெரியாமல் போகலாம், அல்லது இன்னொரு நாள் வரச்சொல்லலாம். பட்ட பாடெல்லாம் வீணாக வேண்டுமா? சரியாகச் சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? கடைசியில் கசடே இல்லாமல் இளமஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். அதுதான் கணக்கு.

இங்கேதான் நம் வறட்சிப் பூமிக்கென்று தனியாகச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் தருகிற அச்சடித்த தாளில் இவை இருக்காது.

எட்டு, பத்துத் தடவை கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் வாளித் தண்ணீர் வேண்டும். குழாயில் தண்ணீர் வருவது என்றைக்கு என்று காத்துக்கிடக்கிற தெருக்களில் இது சின்ன விஷயமா? தேதி வாங்கும்போதே தண்ணீர் வருகிற முறையை நினைத்துப் பார்த்து வாங்குங்கள். முந்தின நாளே தொட்டியையும் டிரம்மையும் நிரப்பி வையுங்கள். கழிப்பறைக்குப் போர்த் தண்ணீர் போதும். மருந்து கலக்க மட்டும் நல்ல தண்ணீர், அதுவும் அளந்து.

கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தால் வழியில் ஒரு லைட் போட்டு வையுங்கள். வயசானவர்களுக்குத் தலை சுற்றலாம். உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம், யாராவது குரல் கேட்கிற தூரத்தில் இருக்கட்டும். அடிக்கடி கழுவி எரிச்சல் வரும், முன்கூட்டியே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் இதம்.

வீட்டில் கழிப்பறையே இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கருவேலங்காட்டுப் பக்கம் இருட்டில் பத்துத் தடவை போய்வருவது நடக்கிற காரியமில்லை, அதுவும் பெண்களுக்கு. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முந்தின நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால், கழிப்பறை உள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். டெஸ்ட் மதுரையில் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்தே 50 கிலோமீட்டர். காலையில் மருந்தைக் குடித்துவிட்டு பஸ் ஏறினால் வழியில் எங்கே இறங்குவது? முந்தின நாளே போய் மதுரையில் தங்குவதுதான் நல்லது.

இனி டெஸ்ட் நடக்கிற அறை. உடையை மாற்றிப் பின்பக்கம் திறப்புள்ள கவுன் தருவார்கள். கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றுவார்கள். விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டுவார்கள், நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் பார்க்க. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். மேலே போர்வை போர்த்துவார்கள். டாக்டரின் கண் முழுக்க டிவி திரையில்தான் இருக்கும். பெண்கள், நர்ஸ் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம். அது உங்கள் உரிமை.

மயக்க ஊசி போட்டால் பலருக்கு நடந்ததே தெரியாது. மயக்கம் இல்லாமலும் சில இடங்களில் செய்கிறார்கள். அப்போது வயிறு உப்புவதும், டியூப் வளைவில் திரும்பும்போது பிசைவதும் தெரியும். மூச்சை நிதானமாக இழுத்துவிடுங்கள், தாங்க முடியாவிட்டால் சொல்லுங்கள். டியூப் கிட்டத்தட்ட விரல் தடிமன்தான், நன்றாக வளையும். ஐந்தடி நீளப் பெருங்குடலை முழுக்கப் பார்த்துவர அரை மணி நேரம்போல ஆகும். பார்க்கிற வழியிலேயே சதைத் துணுக்கு எடுப்பார்கள், சின்னப் பாலிப்பை வெட்டியும் எடுத்துவிடுவார்கள். குடலின் உள்சுவருக்கு வெட்டுகிற வலி தெரியாது.

இந்த வசதிக்குப் பின்னால் நம் நாட்டுக்காரர் ஒருவரின் உழைப்பும் உண்டு. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, வளைகிற கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தை அனுப்ப முடியும் என்று 1954-இல் காட்டினார். அதிலிருந்துதான் உடம்புக்குள் வளைந்து போகிற கருவிகள் பிறந்தன. 1969-இல் நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா என்ற இரண்டு டாக்டர்கள் கொலனோஸ்கோப் வழியாகவே பாலிப்பை எடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு, குடலின் மேல் பகுதியில் பாலிப் இருந்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆபத்தே கிடையாதா? உண்டு, மறைக்க மாட்டேன். குடலில் ஓட்டை விழலாம். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் அப்படி நடக்கிறது. பாலிப் எடுத்த இடத்தில் ரத்தம் கசியலாம். வீட்டுக்கு வந்த பிறகு வயிறு கல்லாக இறுகி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் நிறையப் போனாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மற்றபடி, கொஞ்ச நேரம் வயிறு உப்பியிருக்கும், காற்று பிரியும், சரியாகிவிடும். அன்றைக்கே சாப்பிடலாம். ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, தறியில் உட்காரக் கூடாது, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. கூட ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும். சதைத் துணுக்கு எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை மறக்காமல் போய் வாங்குங்கள். அதை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

செலவுதான் அடுத்த கவலை. முதலில் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையிலோ, 2022-இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ டாக்டரிடம் காட்டுங்கள். விரலால் சோதித்து, தேவைப்பட்டால் மேலே அனுப்புவார்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இரைப்பை, குடல் நோய்க்கென்றே தனித்துறை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், எது எதற்குச் செல்லும் என்று கவுண்டரில் கேளுங்கள்.

எல்லோரும் நாளைக்கே போய்ச் செய்துகொள்ள வேண்டுமா? தேவையில்லை. ஆனால் மேலே சொன்ன தொந்தரவு இருக்கிறவர்கள் தள்ளிப்போடக் கூடாது. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இந்தப் புற்றுநோய் வந்திருந்தால், தொந்தரவே இல்லாவிட்டாலும் நாற்பது வயதில் டாக்டரிடம் கேளுங்கள். அவர்களுக்கு இளவயதிலேயே வந்திருந்தால் இன்னும் முன்பே.

அரசு நடத்துகிற புற்றுநோய் முகாம்களில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். பெருங்குடலுக்கு அப்படி யாரும் வீடு தேடி வரப்போவதில்லை. நாம்தான் வாயைத் திறந்தாக வேண்டும். வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அமெரிக்க டிவி தொகுப்பாளர் கேட்டி கூரிக், 42 வயதுக் கணவரை 1998-இல் இந்த நோய்க்குப் பறிகொடுத்தார். 2000-இல் தனக்கு நடந்த கொலனோஸ்கோபியைத் தன் நிகழ்ச்சியிலேயே காட்டினார். அதன் பிறகு அங்கே இந்தப் பரிசோதனை செய்துகொள்வது சுமார் 20 சதவீதம் கூடியது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு மனுஷி கூச்சத்தை விட்டதற்கு இவ்வளவு பலன்.

நாம் டிவிக்குப் போக வேண்டியதில்லை. நம் வீட்டுக்குள் பேசினால் போதும். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும், மகன் அப்பாவிடம், மகள் அம்மாவிடம், பெண்டாட்டி புருஷனிடம் நேராகக் கேளுங்கள்: "வெளிக்குப் போறதுல ஏதாச்சும் தொந்தரவு இருக்கா? ரத்தம் கித்தம் படுதா?" கேட்டால்தான் சொல்வார்கள். "ஆமா, கொஞ்ச நாளா..." என்று இழுத்தால் திட்ட வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். மூலம்தான் என்று அவர் சொல்லிவிட்டால் நிம்மதியாகத் திரும்பி வரலாம். வேறு ஏதாவது என்றாலும், இப்போதே தெரிந்தால் வழி இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்